தோற்றவர்கள் கையில் இருந்த பத்திரம்

1978 டிசம்பர் 6 அன்று ஸ்பெயின் மக்கள் வாக்களித்து ஏற்ற அரசமைப்புச் சட்டத்தின் கடைசிப் பகுதியில், இடைக்கால ஏற்பாடுகளுக்கு நடுவே, சிறிய விதி ஒன்று இருக்கிறது. கடந்த காலத்தில் பொதுவாக்கெடுப்பு நடத்தித் தன்னாட்சிச் சட்டத்துக்கு ஒப்புதல் பெற்ற பகுதிகள், மற்றவர்கள் ஏற வேண்டிய படிகளை ஏறாமல், விரைவான வழியில் முழுத் தன்னாட்சியைப் பெறலாம் என்கிறது அது. எந்தப் பகுதியின் பெயரும் அதில் இல்லை. தேவையும் இல்லை, அப்படி வாக்களித்தவை மூன்றே மூன்று. கட்டலோனியா 1931-இலும், பாஸ்க் பகுதி 1933-இலும், கலிசியா 1936-இலும் வாக்களித்திருந்தன. அந்த வாக்கெடுப்புகள் நடந்த குடியரசைச் சர்வாதிகாரி பிராங்கோ உள்நாட்டுப் போரில் வென்று அழித்தார். அவர் தேர்ந்தெடுத்த அரசரின் கீழ் எழுதப்பட்ட சட்டம், அவர் செல்லாததாக்கிய வாக்குகளுக்கு எப்படி மதிப்புக் கொடுத்தது? நாடு கடந்து வாழ்ந்தவர்கள் ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் விடாமல் நடத்திய வாதம்தான் அதற்கு முக்கியக் காரணம் என்பது என் கருத்து. வெளியூரில் உட்கார்ந்து தோற்றவர்கள் பேசிய வெறும் பேச்சு என்று அந்த வாதத்தை ஒதுக்கிவிடும் வழக்கம் வரலாற்று நூல்களில் உண்டு. அது அவர்களுக்குச் செய்யும் அநீதி.

1939-இல் எல்லையைக் கடந்தவர்கள் தங்களோடு அரசுகளையும் கொண்டுபோனார்கள். கட்டலோனிய அரசான ஜெனராலிதாத்தின் தலைவர் கொம்பனிஸைப் பிரான்சில் ஜெர்மானியர்கள் பிடித்துப் பிராங்கோவிடம் ஒப்படைத்தார்கள்; 1940 அக்டோபர் 15 அன்று பார்சிலோனாவின் மொன்ட்யுயிக் கோட்டையில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். பதவி உடனே இர்லாவுக்குப் போனது, 1954-இல் தாரதேயாஸுக்கு வந்தது. 1936-இல் குவெர்னிகாவில் உறுதிமொழி ஏற்ற பாஸ்க் தலைவர் அகிர்ரே, 1960-இல் பாரிசில் இறக்கும்வரை அந்தப் பதவியிலேயே இருந்தார். குடியரசின் நாடு கடந்த அரசு 1945-இல் மெக்சிகோவில் அமைந்தது. இவர்களுக்குள் இருந்த கசப்பு சாதாரணமானதல்ல. 1937-இல் சந்தோஞாவில் பாஸ்க் படைகள் இத்தாலியரிடம் சரணடைந்ததைக் குடியரசுவாதிகள் மறக்கவில்லை. கட்டலோனியர்களுக்குள்ளேயே பிளவு: போரில் தோற்றபின் பழைய தன்னாட்சிச் சட்டம் போதாது, தன்னுரிமையே கேட்க வேண்டும் என்று லண்டனில் பி இ சுஞேர் தலைமையில் இருந்த குழு வாதிட்டது. மக்கள் 1931-இல் வாக்களித்து 1932-இல் நிறைவேறிய சட்டத்தை நாமே கைவிட்டால் நம்மிடம் என்ன மிஞ்சும் என்று மற்றவர்கள் கேட்டார்கள். 1945-இல் இரண்டாம் தரப்பே வென்றது. லண்டன் குழு கலைந்தது. வீடு பறிபோன பிறகும் பத்திரத்தைப் பத்திரமாக வைத்திருப்பவனின் நிதானம் அந்த முடிவில் இருந்தது.

கலிசியாவின் கதைதான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரிய சான்று. அங்கே வாக்கெடுப்பு நடந்தது 1936 ஜூன் 28. மூன்று வாரங்களுக்குள் போர் வெடித்தது. கலிசியா தொடக்கத்திலேயே கலகக்காரர்கள் கையில் விழுந்தது. அந்தச் சட்டம் ஒரு நாள்கூட நடைமுறையில் இருந்ததில்லை. அதை எழுதியவர்களில் முதன்மையான அலெஹாந்த்ரே போவெதா ஆகஸ்ட் மாதமே சுட்டுக் கொல்லப்பட்டார். ஓவியரும் எழுத்தாளருமான கஸ்தெலாவ், சட்ட வரைவை நாடாளுமன்றத்தில் ஒப்படைக்க மாட்ரிட் போயிருந்ததால் உயிர் தப்பினார். 1945-இல் மெக்சிகோவில் கூடிய நாடு கடந்த நாடாளுமன்றம் கலிசியச் சட்டத்தைக் கையில் எடுத்தே ஆக வேண்டும் என்று போராடி, அதைச் சாதித்தவர் அவர்தான். நாடில்லாத நாடாளுமன்றம், நடைமுறைக்கு வராத சட்டம்; அன்றைக்கு இதனால் யாருக்கும் ஒரு பயனும் இல்லை. 1950-இல் பியூனஸ் அயர்ஸில் அவர் இறந்தார். ஆனால் கட்டலோனியா, பாஸ்க் பகுதியோடு கலிசியாவையும் சேர்த்து மூன்றாகவே எண்ணும் பழக்கத்தை அவர் உயிரோடு வைத்துவிட்டுப் போனார். 1978-இன் விதி அந்த எண்ணிக்கையைத்தான் பின்பற்றியது.

என் கருத்துக்கு வரும் முதல் மறுப்பு வலுவானது. தாரதேயாஸை அழைத்து வந்தவர் பிரதமர் சுவாரெஸ். 1977 ஜூன் தேர்தலில் கட்டலோனியாவில் சோஷலிஸ்டுகளும் கம்யூனிஸ்டுகளும் முன்னணிக்கு வந்ததால், அவர்களைவிட இந்த முதியவரோடு பேசுவது நல்லது என்று அவர் கணக்குப் போட்டார் என்பார்கள். உண்மைதான். ஆனால், கணக்குப் போடுவதற்குக் கையில் ஒன்று இருக்க வேண்டுமே! அரசமைப்புச் சட்டம் வருவதற்கு ஓராண்டுக்கும் மேல் முன்னதாக, 1977 செப்டம்பரில் ஜெனராலிதாத்தை ஓர் ஆணையின் மூலம் மீட்க முடிந்ததென்றால், மீட்பதற்கு உரிய பதவியும் அதில் தொடர்ந்து இருந்த ஆளும் இருந்ததே காரணம். 1932-இல் தேர்வான கட்டலோனிய நாடாளுமன்ற உறுப்பினர்களில் எஞ்சிய சிலர் மெக்சிகோவில் கூடித் தேர்ந்தெடுத்த தாரதேயாஸுக்கு என்ன மக்கள் ஒப்புதல் என்று கேட்பவர்களுக்கும் பதில் உண்டு. நாட்டுக்குள்ளேயே, போலீஸ் கெடுபிடிக்கு நடுவே, 1971-இல் உருவான கட்டலோனிய மக்கள் பேரவை, 1932 சட்டத்தின் அமைப்புகளை மீட்க வேண்டும் என்பதைத் தன் கோரிக்கைகளில் ஒன்றாக வைத்தது. வெளியே இருந்தவர்களின் கட்டளைக்கு அது கட்டுப்பட்டதல்ல. தானாகவே அதே இடத்துக்கு வந்து சேர்ந்தது.

1962 ஜூனில் மியூனிக் நகரில் நடந்ததையும் இங்கே சேர்க்க வேண்டும். ஐரோப்பிய இயக்கத்தின் மாநாட்டில் உள்நாட்டிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் 118 ஸ்பானியர்கள் கூடினார்கள். போருக்கு முன் கத்தோலிக்க வலதுசாரிகளை வழிநடத்திய ஹில் ரோப்லெஸும் நாடு கடந்த தாராளவாதி மதரியாகாவும் ஆளுக்கொரு குழுவுக்குத் தலைமை வகித்தார்கள். பாஸ்க் தேசியவாதத் தலைவர்களில் ஒருவரான இருஹோவும் அங்கே இருந்தார். வெவ்வேறு இயற்கைச் சமூகங்களின் தனித்தன்மையை ஏற்பது என்ற நிபந்தனை தீர்மானத்தில் இடம்பெற்றது. கூட்டாட்சியா, தன்னாட்சியா என்று அது சொல்லவில்லை. ஆனாலும் ஒற்றை மையம் என்பதில் ஊறிய பழைய வலதுசாரிகள், பிரதேசங்களின் பெயரால் பேசியவர்களோடு முதல் தடவையாகப் பொதுவில் ஒத்துப்போனார்கள். பிராங்கோ அதன் எடையை உணர்ந்தார். திரும்பி வந்தவர்களில் சிலரைக் கானரித் தீவுகளுக்கு அனுப்பினார்.

இரண்டாவது மறுப்புக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. அதை ஏற்கத்தான் வேண்டும். பழைய வாக்குகளைக் காப்பது என்றால், வாக்களிக்க வாய்ப்பே கிடைக்காதவர்களை வெளியே நிறுத்துவது என்றும் ஆகிறது. அந்தலூசியாவுக்கும் 1933-இல் கொர்தோபாவில் ஒரு வரைவு தயாரானது. அது வாக்கெடுப்புக்குப் போவதற்குள் போர் வந்தது. அதன் பெரும் குரலான பிளாஸ் இன்ஃபாந்தே 1936 ஆகஸ்டில் செவில்லுக்கு அருகே கொல்லப்பட்டார். கலிசியாவுக்கும் அந்தலூசியாவுக்கும் இடையே இருந்த வேறுபாடு சில மாதங்கள் மட்டுமே. அதன் விலையை 1980 பிப்ரவரி 28 அன்று அந்தலூசிய மக்கள் கொடுத்தார்கள். எட்டு மாகாணங்களிலும், வாக்களித்தவர்களில் அல்ல, பதிவான வாக்காளர்கள் மொத்தத்திலேயே பாதிக்கு மேல் ஆதரவு வேண்டும் என்று சட்டம் கேட்டது. அல்மேரியாவில் அந்த அளவு எட்டவில்லை. பிறகு நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தித்தான் அந்தலூசியாவுக்கு அந்த வழியைத் திறந்துவிட்டது.