மா விட்ட புரமும் மனிதர் விடாத வழக்கமும்

யாழ்ப்பாணத்திலிருந்து காங்கேசன்துறை வீதியால் வடக்கே செல்பவர், கடலை அணுகுமுன் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலைக் காண்பர். ஆடி அமாவாசையோடு நிறைவெய்தும் அதன் பெருவிழாவிலே, சுவாமி கீரிமலைக்கு எழுந்தருளித் தீர்த்தமாடுவது வழக்கம். கோயிலையும் கீரிமலைச் சுனையையும் இணைப்பது அப்பாதை மட்டுமன்று. ஒரு கதையும் ஆகும்.

சோழ மன்னன் ஒருவனின் மகள் மாருதப்புரவீகவல்லி. அவளுக்குக் குதிரை முகம். மருந்துகள் பயனளியாமற் போகவே, பெரியார் ஒருவரின் சொற்கேட்டுக் கடல் கடந்து கீரிமலைக்கு வந்தாள். கீரிமுகம் கொண்ட நகுலமுனிவர் நீராடி மானிட முகம் பெற்ற தீர்த்தம் அது. அவளும் நீராடினாள், குதிரை முகம் நீங்கிற்று. நன்றிக்கடனாகக் கந்தனுக்குக் கோயில் எடுப்பித்தாள். 'மா' என்பது குதிரை. மாமுகம் விட்ட இடம் மாவிட்டபுரம் ஆயிற்று. காங்கேயனாகிய முருகனின் திருவுருவம் வந்திறங்கிய துறையே காங்கேசன்துறை என்பர்.

ஒல்லாந்தர் காலத்தில் மயில்வாகனப் புலவர் இயற்றிய யாழ்ப்பாண வைபவமாலை இக்கதையைக் கூறுகின்றது. இதனை நிகழ்ந்த வரலாறு எனக் கொள்ளுதல் இயலாது. வெறுங்கதையென ஒதுக்குதலும் தகாது. குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. மழைநீர் சுண்ணக்கற் பாறையினூடே ஊறி, நிலத்தடியில் ஓடி, கீரிமலைக் கடலோரத்தில் நன்னீராகச் சுரக்கின்றது. கிணற்றையே நம்பி வாழ்ந்த மக்களுக்கு, உப்புக் கடலின் விளிம்பில் நன்னீர் அற்புதமாகத் தோன்றியதில் வியப்பில்லை. அவ்வற்புதத்தையே விலங்குமுகம் நீங்கி மனிதமுகம் பெறும் கதையாக அவர்கள் சமைத்தனர். அவ்வகையில், மாவிட்டபுரம் என்பதே மனிதத்தன்மை மீண்டமையைக் குறிக்கும் பெயராகும்.

அப்பெயர் தாங்கிய கோயிலின் வாயிலில் 1968ஆம் ஆண்டு நிகழ்ந்தது யாது? வழிபாட்டிடத்தில் ஒருவரைச் சாதியின் பெயரால் தடுத்தல் குற்றமென 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் விதித்திருந்தது. 11 ஆண்டுகள் கழிந்தும் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு அக்கோயிற் கதவு திறக்கவில்லை. தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கத்தின் தலைமையில் அவர்கள் வழிபடும் உரிமை கேட்டு வந்தனர். முன்னாள் அமைச்சரும் கணிதப் பேராசிரியருமான சி. சுந்தரலிங்கம் வாயிலில் நின்று மறித்தார். அவர்மீது மேற்படி சட்டத்தின் கீழேயே வழக்குத் தொடரப்பட்டது. கல்வி மட்டும் மனிதரை மாற்றிவிடும் என்று நம்புவோர் இந்நிகழ்ச்சியைச் சிந்தித்தல் நன்று.

அன்று விலங்குமுகம் யாரிடம் இருந்தது? வெளியே நின்றோரிடமா, வாயிலை மறித்தோரிடமா? நீர் கழுவ வேண்டியது எவருடைய முகத்தை?

1990ஆம் ஆண்டு போர் வலிகாமம் வடக்கு மக்களை வெளியேற்றியது. உள்ளே வணங்கியோரும் வெளியே நிறுத்தப்பட்டோரும் ஒரே பாதையில் மூட்டை சுமந்து நடந்தனர். அத்துன்பம் சாதியைக் கரைத்துவிடும் என்று பலர் எண்ணினர். ஆனால் 2018ஆம் ஆண்டு தென்மராட்சியில், வரணியிலுள்ள ஓர் அம்மன் கோயிலில், மண் அகழும் இயந்திரத்தைக் கொண்டு தேர் இழுக்கப்பட்டது. ஒடுக்கப்பட்ட சமூகத்து இளைஞர் வடம் பிடித்தலைத் தவிர்ப்பதற்கே அவ்வாறு செய்யப்பட்டது என்ற குற்றச்சாட்டு எழுந்தது. வடத்தை மனிதர் கையில் கொடுப்பதிலும் இயந்திரத்திற் பூட்டுதல் மேலெனக் கருதும் சமூகமொன்று நம்மிடையே இன்றும் உண்டென்றால், 1968 முடிந்துபோன கதையன்று.

இறைவனை வணங்குவதும் வணங்காமையும் அவரவர் உரிமை. ஆயின் வணங்க வருவோரைத் தடுக்கும் உரிமை எவர்க்கும் இல்லை. கோயிலைக் காணச் செல்லும் மாணவர்க்கு மாருதப்புரவீகவல்லியின் கதையை நாம் தவறாது சொல்லிக்கொடுக்கிறோம். அவ்வாயிலில் நின்று உரிமை கேட்ட மக்களின் கதையையும் உடன் சொல்லுதல் வேண்டும். முன்னையதைத் தலபுராணம் காத்துவைத்துள்ளது. பின்னையதைக் காக்க வேண்டியவர் நாமே.