நீரில் ஒளி விரையுமா, தளருமா? ஓர் இருநூறாண்டு வழக்கு

ஒரு கிண்ணத்தின் அடியில் காசொன்றை இட்டு, கிண்ணத்தின் விளிம்பு அக்காசை மறைக்கும் வரையில் பின்வாங்கி நின்றுகொள்ளுங்கள். தலையை அசைக்காமல், வேறொருவரைக் கொண்டு கிண்ணத்தில் நீர் வார்க்கச் சொல்லுங்கள். மறைந்திருந்த காசு மெல்ல மேலெழுந்து கண்ணுக்குப் புலனாகும். இதில் மாயமுமில்லை, மந்திரமுமில்லை. காசினின்று வரும் ஒளி, நீரைவிட்டுக் காற்றிற் புகுமிடத்தில் நேர்வழியினின்றும் மடங்கி, விளிம்பைக் கடந்து நம் கண்ணை வந்தடைகின்றது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் எகிப்து தேசத்து அலெக்சாந்திரியா நகரில் வாழ்ந்த தாலமி என்னும் வானநூல் வல்லார் தமது ஒளிநூலில் இச்சோதனையைக் கூறியிருக்கின்றார்.

தாலமி பார்த்ததோடு நில்லாமல் அளக்கவும் முற்பட்டார். காற்றில் 10 பாகை சாய்ந்து வரும் ஒளி நீருக்குள் 8 பாகையாகவும், 20 பாகையில் வருவது 15½ ஆகவும், 30 பாகையில் வருவது 22½ ஆகவும் மடங்குமென்று அட்டவணை எழுதினார். 80 பாகைக்கு 50 என்று முடித்தார். இவ்வெண்களைச் சற்று உற்று நோக்குதல் வேண்டும். படிதோறும் ஏற்றம் முதலில் 7½, அடுத்து 7, பின்னர் 6½ என்று இம்மி பிசகாமல் அரை அரைப் பாகையாகக் குறைந்துகொண்டே போகின்றது. தோட்டத்தில் பால் கணக்கு எழுதும் நம்மவர்க்கு இங்கே ஐயம் பிறக்காமலிராது. நிறுத்த பாலின் எடை நாள்தோறும் இத்துணை ஒழுங்காக இறங்கிவருமாயின், நிறுக்காமலே எழுதிய கணக்கென்று நாம் உடனே சொல்லிவிடுவோம். தாலமி சிலவற்றை அளந்து, மற்றவற்றைத் தாம் கருதிய ஒழுங்குக்கு இசைய நிரப்பினார் என்பதே அறிஞர் பலருடைய கருத்தாகும். 80 பாகைக்கு உண்மையில் வருவது ஏறக்குறைய 47½ பாகையே.

மெய்யான விதியை 984-ம் வருஷத்தில் பக்தாத் நகரத்து இப்னு சாஹ்ல் என்பவர் கண்டறிந்தார். அவருடைய ஏடுகள் சிதறிக் கிடந்தமையால், 1990-ம் வருஷத்தையொட்டியே அச்செய்தி உலகறிய வந்தது. ஐரோப்பாவில் லெய்டன் நகரத்து ஸ்நெல் 1621-ல் அதனைத் தாமாகவே கண்டார்; அச்சிடாமலே 1626-ல் இறந்துபோனார். 1637-ல் அதனை அச்சேற்றியவர் பிரெஞ்சு அறிஞராகிய டெக்கார்ட்.

விதி எளியதே. ஒளி நீர்மட்டத்தைத் தொடுமிடத்தை மையமாக்கி ஒரு வட்டம் வரைக; அம்மையத்தின் வழியே நீர்மட்டத்துக்குச் செங்குத்தாக ஒரு கோடு கிழிக்க. வட்டத்தை ஒளி காற்றில் வெட்டுமிடத்திலிருந்தும், நீரில் வெட்டுமிடத்திலிருந்தும் அக்கோட்டுக்குள்ள தூரங்களை ஒப்பிட்டால், ஒளி எவ்வளவு சாய்ந்து வரினும் முன்னது 4 எனில் பின்னது 3 ஆகவே இருக்கும். கண்ணாடியாயின் ஏறத்தாழ 3-க்கு 2.

ஆனால், ஏன் மடங்க வேண்டும்? வழக்கு இங்கேதான் மூண்டது. நீரில் ஒளி காற்றிலும் விரைந்து செல்லுகின்றது என்பது டெக்கார்ட்டின் கொள்கை. நியூட்டனும் அக்கட்சியே. ஒளியின் நுண்துகள்களை நீரானது தன்பால் இழுப்பதால் அவை வேகம் மிகுந்து உள்ளே பாய்கின்றன என்றார். பெர்மா என்னும் கணித அறிஞர் 1662-ல் இதற்கு நேர்மாறாகச் சொன்னார்: ஒளி நீரில் தளர்ந்து செல்லுகின்றது, ஆதலின் மிகக் குறைந்த நேரத்தில் சேரத்தக்க வழியை அது கொள்ளுகின்றது. ஆற்றில் தத்தளிப்பவனை மீட்க ஓடுகின்றவன், நீந்துவது மெதுவாகையால், கரையில் சற்று அதிக தூரம் ஓடிய பின்னரே நீரில் இறங்குவான் அல்லவா? அதுபோலத்தான். ஒளி அலையே என்ற ஹைகன்ஸ் 1690-ல் வெளியிட்ட நூலிலும் நீரில் அது தளரும் என்பதே முடிபு.

இரு கட்சியாரும் போட்ட கணக்கில் அதே 4-க்கு 3 தான் வந்தது என்பதே இவ்வழக்கின் விசித்திரம். கோணத்தை எத்தனை முறை அளந்தாலும் தீர்ப்புக் கிடையாது. வேகத்தை அளந்தாலன்றி வேறு வழியில்லை, அளக்கவோ கருவியில்லை. இந்நிலையில் பெயரே தீர்ப்பாயிற்று. ஒளி துகளாகவே இருக்கக்கூடும் என்பதை நியூட்டன் தமது நூலின் இறுதியில் வினாவாகவே எழுதியிருந்தார். பின்வந்தோர் அவ்வினாவை விடையாக்கிக்கொண்டனர். அலைக்கொள்கையை மீண்டும் எடுத்துரைத்த தாமஸ் யங் என்னும் ஆங்கில வைத்தியரை 1803-ல் எடின்பரோ நகரத்துப் பத்திரிகை ஒன்று எள்ளி நகையாடியது. எழுதியவர் தம் பெயரைக்கூடப் போடவில்லை.

1838-ல் பாரிஸ் நகரத்து அராகோ ஒரு வழி கூறினார். அதி வேகமாகச் சுழலும் கண்ணாடியொன்றில் ஒளியை விழச் செய்தால், ஒளி அப்பால் சென்று மீள்வதற்குள் கண்ணாடி சிறிது திரும்பிவிடும். மீண்ட ஒளிப்புள்ளி இடம் பெயர்ந்து தோன்றும். அதிகம் தாமதித்தால் அதிகம் பெயரும். ஆனால் அராகோவின் கண்பார்வை மங்கிவிட்டது. தம்மால் இனி முடியாதென்று வெளிப்படையாகவே சொல்லி, அப்பணியை இளைஞருக்கு விட்டுக்கொடுத்தார். அறிவுலகில் இத்தகைய பெருந்தன்மை அடிக்கடி காணக்கூடியதன்று.

1850-ல் அவ்விளைஞருள் ஒருவராகிய பூக்கோ, ஒரு கிரணத்தைக் காற்றிலும் மற்றொன்றைச் சுமார் 3 மீட்டர் நீளமுள்ள நீர் நிறைந்த குழாயிலும் போகவிட்டு மீட்டார். ஒரு விநாடியை நூறு கோடிக் கூறாக்கினால், காத்திருந்த வேற்றுமை ஏறக்குறைய ஏழு கூறுதான். நியூட்டன் கட்சி மெய்யாயின் நீர்வழி வந்த புள்ளி குறைவாகப் பெயர வேண்டும். அதுவோ அதிகமாகவே பெயர்ந்தது! சில வாரங்களில் பிஸோ என்பவரும் தனியே செய்து அதே முடிபைக் கண்டார். வெற்றிடத்தில் விநாடிக்கு ஏறக்குறைய 3 லட்சம் கிலோமீட்டர் செல்லும் ஒளி நீரில் 2 லட்சத்து 25 ஆயிரமும், கண்ணாடியில் 2 லட்சமுமே செல்லும் என்பதை இன்று பள்ளிச் சிறுவரும் படிக்கின்றனர்.

பூக்கோ இவ்வாராய்ச்சியையே 1853-ல் டாக்டர் பட்டத்துக்குச் சமர்ப்பித்தார். அவ்வருஷம் அக்டோபர் மாதத்தில் அராகோ காலமானார்.