முகப்பு விளக்கும் எதிரில் வருபவர் கண்ணும்

சொகுசுக் கார்களின் விளம்பரங்களில் அண்மைக் காலமாக 'அடாப்டிவ் ஹெட்லைட்' என்னும் தொடர் அடிக்கடி வருகிறது. தகவமையும் முகப்பு விளக்கு என்று தமிழில் சொல்லலாம். சாலை வளைந்தால் ஒளியும் வளையும். எதிரே வண்டி வந்தால் அவ்வண்டியின் மேல் மட்டும் ஒளி விழாது. இதனை ஓட்டுநரின் வசதியாகவே பலரும் விளக்குகின்றனர். வரலாற்றைப் பார்த்தால் இதனுள் இரண்டு வேறு தேவைகள் இருப்பது தெரியும். ஒன்று, ஓட்டுபவர் நன்கு காண்பது. மற்றொன்று, எதிரில் வருபவர் கண் கூசாதிருப்பது. இவ்விரண்டும் தனித்தனியே வளர்ந்து, மிக அண்மையில்தான் ஒரே விளக்கினுள் சேர்ந்தன.

முதற்கால மோட்டார் வண்டிகளில் எண்ணெய் விளக்குகளும் அசிட்டிலீன் விளக்குகளும் எரிந்தன. மின்விளக்கு வந்து ஒளி வலுத்தபின் கூச்சம் பெருஞ்சிக்கலாயிற்று. 1924-இல் ஓஸ்ராம் நிறுவனம் 'பைலக்ஸ்' என்னும் பல்பை வெளியிட்டது. ஒரே கண்ணாடிக் குமிழினுள் இரண்டு இழைகள்; ஒன்று தொலைவுக்கு, மற்றொன்று தாழ்ந்த ஒளிக்கு. நம் ஓட்டுநர்கள் 'டிம்', 'பிரைட்' என்று இன்றும் வழங்கும் சொற்களுக்குப் பின்னால் இருப்பது இந்த ஏற்பாடே. 'டிம் பண்ணு' என்பது எல்லைக்கு இருபுறமும், தமிழிலும் மலையாளத்திலும், சாலை நாகரிகத்தின் சொல்லாக நிலைத்துவிட்டது.

மொழியியல் மாணவனாக ஒன்றை இங்கே குறிக்க விரும்புகிறேன். ஆங்கிலத்தில் கண்ணைக் கூசச் செய்யும் வினைக்கு விளக்கே எழுவாயாக நிற்கும். தமிழில் 'கண் கூசுகிறது' என்கிறோம், கண்ணே எழுவாய். 'கூசு' என்னும் வினை ஒளியால் கண் சுருங்குவதையும் நாணத்தால் மனம் சுருங்குவதையும் ஒருங்கே குறிக்கும். துன்பம் யாருக்கு நேர்கிறதோ அவரிடமிருந்து தொடங்குகிறது நம் வாக்கியம். முகப்பு விளக்கின் வரலாற்றையும் அவ்விடத்திலிருந்து பார்ப்பதே தகும்.

இந்தியாவில் சொகுசுக் காரின் பெருவிளக்குகளுக்கு இதற்கு நேர்மாறான ஒரு பழைய கதை உண்டு. இராஜஸ்தானத்துக் கோட்டா சமஸ்தானத்தின் மகாராவ் இரண்டாம் உம்மேத் சிங்குக்காக 1925-ஆம் ஆண்டு ரோல்ஸ் ராய்ஸ் நியூ ஃபேண்டம் கார் ஒன்று புலி வேட்டைக்கெனவே அமைக்கப்பட்டது. துப்பாக்கிகளோடு வலிய தேடுவிளக்குகளும் அதில் பொருத்தப்பட்டிருந்தன. இருளில் விலங்கைத் தேடிப் பிடிப்பதற்கான ஒளி அது. எதிரே நிற்கும் கண்ணைக் காக்க வேண்டும் என்னும் எண்ணத்துக்கு வேட்டையில் இடமில்லை.

சாலை வளைவில் விளக்கைத் திருப்பும் முயற்சி ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நடந்தது. 1948-இல் அமெரிக்காவில் ஏறத்தாழ ஐம்பதே கார்களைச் செய்து மறைந்த டக்கர் நிறுவனம், வண்டியின் நடுவில் மூன்றாம் விளக்கொன்றை வைத்தது. ஸ்டியரிங்கைப் பத்துப் பாகைக்கு மேல் திருப்பினால் அது எரிந்து வளைவை நோக்கும். 1967-இல் பிரான்சின் சித்ரோயன் நிறுவனம் தன் டி.எஸ். காரின் முகப்பை மாற்றியமைத்தது. கண்ணாடி மூடிக்குள் இருபுறமும் இரண்டிரண்டு விளக்குகள். உட்புற விளக்குகள் கம்பிவடம் வழியாக ஸ்டியரிங்கோடு இணைந்து, வளைவின் உட்பக்கத்தைக் காட்டின. அமெரிக்கச் சட்டம் கண்ணாடி மூடியையும் திரும்பும் விளக்கையும் ஏற்கவில்லை. அங்கே விற்ற டி.எஸ். கார்கள் இவ்வசதி இன்றியே சென்றன.

கூச்சத்தைத் தடுக்கும் முயற்சி வேறொரு வழியில் நடந்தது. 1952-இல் ஜெனரல் மோட்டார்ஸ் 'ஆட்டிரானிக் ஐ' என்னும் கருவியைக் கேடிலாக், ஓல்ட்ஸ்மொபில் கார்களில் வைத்தது. முன்பலகையின் மேல் நின்ற ஒளியுணர் குழல் ஒன்று, எதிர் ஒளி பட்டவுடன் விளக்கைத் தாழ்த்தும். அதற்குத் தெரிந்தவை இரண்டே நிலைகள்: முழு ஒளி, தாழ்ந்த ஒளி. எதிரே வருபவரைக் காக்க வேண்டுமானால் ஓட்டுபவர் தன் தொலைநோக்கை முழுதும் இழக்க வேண்டும்.

இந்த இழப்பைத் தவிர்த்தது எல்.இ.டி. ஒரு பெருவிளக்கைப் பல சிறு ஒளிமூலங்களாகப் பிரித்தால், வேண்டாத ஒன்றை மட்டும் அணைக்கலாம். 2013-இல் ஆடி ஏ8 காரில் வந்த 'மேட்ரிக்ஸ்' விளக்கில் தொலைவொளிக்கு மட்டும் பக்கத்துக்கு 25 எல்.இ.டி.கள். முன்கண்ணாடியின் மேலுள்ள கேமரா எதிர் வண்டியின் முகப்பு விளக்கையோ, முன்செல்லும் வண்டியின் பின்விளக்கையோ கண்டறியும், அத்திசைக்குரிய எல்.இ.டி.கள் மட்டும் அணையும் அல்லது மங்கும். சாலையின் மற்றப் பகுதி முழு ஒளியில் இருக்க, எதிர் வண்டி நகரும் இருட்கூடு ஒன்றினுள் கடந்து செல்லும். மெர்சிடிஸ் எஸ்-கிளாஸ் காரின் 'டிஜிட்டல் லைட்' ஒவ்வொரு விளக்கிலும் 13 இலட்சம் நுண்ணாடிகளைக் கொண்டது. திரையரங்கின் டிஜிட்டல் புரொஜெக்டரில் படம் காட்டும் அதே நுட்பம் இங்கே சாலையில் ஒளியைச் செதுக்குகிறது. பல பத்தாண்டுகள் தடுத்து நின்ற அமெரிக்காவும் 2022 பிப்ரவரியில் இவ்வகை விளக்குகளுக்கு இசைவளித்தது.

இத்தொழிலில் தமிழகத்துக்கும் பங்குண்டு. சென்னைப் பாடியில் 1960-களின் தொடக்கத்தில் எழுந்த லூகாஸ் டி.வி.எஸ்., பின்னாளில் ஜப்பானின் கொய்டோ நிறுவனத்தோடு சேர்ந்து இந்தியா ஜப்பான் லைட்டிங் என்னும் விளக்கு ஆலையைப் பூந்தமல்லிக்கு அப்பால் அமைத்தது. 2007-இல் லெக்சஸ் காருக்கு எல்.இ.டி. தாழ்வொளி விளக்கை ஆக்கித் தந்தது அதே கொய்டோ.

நம் நாட்டுச் சட்டம் இதுபற்றிச் சொல்வது கவனத்துக்குரியது. மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-இன் 106-ஆம் விதிப்படி, முன்விளக்கின் ஒளி கீழ்நோக்கித் தாழ்த்தப்பட்டிருக்க வேண்டும். விளக்கிலிருந்து 8 மீட்டர் தொலைவில், அதன் வலப்புறம் அரை மீட்டர் தள்ளி, தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் கண் உள்ள எந்த மனிதருக்கும் அது கூசக்கூடாது. விளக்கின் மேற்பாதியில் கறுப்புச் சாயம் பூசியதும், காவலர்கள் கறுப்பு வில்லை ஒட்டியதும் இதே நோக்கத்தின் எளிய வடிவங்கள். போர்க்கால இருட்டடிப்பின்போது விமானங்களுக்கு அஞ்சிப் பூசிய கறுப்பு, அமைதிக் காலத்தில் எதிரே வருபவருக்காகப் பூசப்பட்டது.

அவ்விதி 'எந்த மனிதருக்கும்' என்கிறது. 'எந்த ஓட்டுநருக்கும்' என்று சொல்லவில்லை. அடாப்டிவ் விளக்கின் கேமராவோ முதன்மையாக வாகனங்களின் விளக்குகளையே தேடுகிறது. அம்பூரியிலிருந்து வெள்ளறடை வழியாகப் பனச்சமூட்டுக்கு இறங்கும் சாலையை எண்ணிப் பாருங்கள். ஒருபுறம் மண்திட்டு, மறுபுறம் ரப்பர்த் தோட்டம், அடுத்தடுத்து வளைவுகள். விடியுமுன் பால்வெட்டுக்குச் செல்லும் தொழிலாளி இச்சாலையின் ஓரத்தில்தான் நடக்கிறார். அவர் நெற்றியில் கட்டிய விளக்கு, அவர் தலை திரும்பும் பக்கமெல்லாம் தானும் திரும்பும். சித்ரோயன் கம்பிவடம் கொண்டு செய்ததை அவர் கழுத்து செய்கிறது. ஆனால் அவருக்கென இருட்கூடு அமைக்கப்படுவதில்லை. சில உயர்விலைக் கார்கள் நடந்து செல்பவரைக் கண்டால் ஓட்டுநரை எச்சரிக்க அவர்மேல் ஒளியை மும்முறை வெட்டிக் காட்டுகின்றன. அது அவர் உயிரைக் காக்கும் ஏற்பாடுதான். கண்ணைக் காக்கும் ஏற்பாடு அன்று.

வளைவுகளிலும் ஒரு வேறுபாடு உண்டு. எதிர் வண்டியின் விளக்கு நேரே தெரிந்தபின்தான் கேமரா அதனை உறுதியாக அறியும். மலைச்சாலையில் பழகிய ஓட்டுநரோ வளைவுக்கு அப்பால் மரக்கிளையில் படும் வெளிச்சத்தைக் கண்டே டிம் செய்துவிடுவார்.

ஆகவே இந்நுட்பத்தைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. நூறாண்டுச் சிக்கலின் ஒரு பாதியை அது அழகாகத் தீர்த்திருக்கிறது. மறுபாதி, விளக்கில்லாமல் நடப்பவரின் கண். அதற்கு இன்றும் மருந்து ஓட்டுபவரின் கையில் உள்ள அந்தச் சிறு விசைதான். ஆளைக் கண்டால் டிம் செய்யுங்கள், வண்டியைக் கண்டால் மட்டும் போதாது.

விளக்கைத் தாழ்த்துவதற்கு உங்கள் ஊரில் வேறு சொல் வழங்கினால், ஊர்ப் பெயரோடு கீழே எழுதுங்கள். எல்லை வட்டாரச் சொற்களைத் தொகுத்துவருகிறேன், பயன்படும்.