ஃபுல் பெஞ்ச்

2008இல் எங்கள் பொறியியல் கல்லூரி விடுதியில் என் அறைக்கு ‘மாவு மில்’ என்று பெயர். காரணம் மெஷுகா. சுவீடனின் ஊமியோ நகரத்தில் 1987இல் தொடங்கிய மெட்டல் குழு. அந்த வருடம்தான் அவர்களுடைய ‘ஆப்சென்’ ஆல்பம் வந்திருந்தது. ஒரு நண்பனிடமிருந்து பென் டிரைவில் வாங்கி, இரண்டு மாதம் வேறெதையும் கேட்கவில்லை. “மச்சான், கிரைண்டர நிறுத்துடா, மாவு அரைஞ்சிடுச்சு” என்று எதிர் அறையிலிருந்து குரல் வரும். சிரித்துக்கொண்டே ஹெட்போன் மாட்டிக்கொள்வேன். ஆனால் ஒவ்வொரு தடவையும் உள்ளே ஏதோ ஒன்று சுருங்கும். நமக்குப் பிடித்ததைப் பார்த்து ஒருவர் சிரிக்கும்போது, சிரிப்பு அந்தப் பாட்டோடு நிற்பதில்லை இல்லையா?

செமஸ்டர் லீவில் காஞ்சிபுரம் போனேன். பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீடு. அப்போது தாத்தாவுக்கு எழுபத்தைந்து வயது. தறியில் உட்காருவதை நிறுத்தி நாலைந்து வருடம் ஆகியிருந்தது. பவர் கட். லேப்டாப் பேட்டரியில் சின்ன சத்தமாக மெஷுகா ஓடிக்கொண்டிருந்தது. அம்மா “இன்னாடா இது கர்மம்” என்று சொல்லிவிட்டுப் போனாள். தாத்தா ஒன்றும் சொல்லாமல் தொடையில் தட்டிக்கொண்டிருந்தார். தட்டு, சுண்டுவிரல், மோதிர விரல், நடு விரல். பிறகு தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு. ஆதி தாளம். பாட்டு முடிந்ததும் சொன்னார்:

“நடுவுல எங்கெங்கியோ போறான். ஆனா திரும்பி சமத்துக்கு வந்துர்றான் பாரு. கணக்கு சரியாத்தான் கீது.”

மெஷுகாவின் முழு ரகசியமும் இதுதான். டிரம்மரின் ஒரு கை சிம்பலில் நாலு நாலாகத் தட்டிக்கொண்டே இருக்கும். கால்களும் கிட்டாரும் வேறு நீளமுள்ள ஒரு வடிவத்தைத் திருப்பித் திருப்பிச் சொல்லும். இரண்டும் விலகி விலகிப் போய், சில சுற்றுகளுக்குப் பிறகு ஒரு புள்ளியில் வந்து சேரும். இணையத்தில் இதைப் பக்கம் பக்கமாக விளக்கியிருப்பார்கள். தாத்தா ஒரே தடவை கேட்டுக் கண்டுபிடித்துவிட்டார்.

“நாயனாப் பிள்ளை கச்சேரியும் இப்படித்தான் சத்தமா இருக்கும்னு எங்க நைனா சொல்லுவாரு.”

“நீ கேட்டிருக்கியா தாத்தா?”

“அவரு போனப்ப நான் கைக்கொழந்தடா.”

அன்றிலிருந்து நாயனாப் பிள்ளையைத் தேட ஆரம்பித்தேன்.

*

காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளையின் இயற்பெயர் சுப்பிரமணிய பிள்ளை. பிறந்தது 1889, இறந்தது 1934. நாற்பத்து நாலு வயதுதான் வாழ்ந்தார். இசை வேளாளர் குடும்பம். அம்மா காமாட்சி பாடகி. சித்தி தனகோடி அம்மாள் அந்தக் காலத்தில் பெயர் பெற்ற பாடகி. இப்படியொரு வீட்டில் பிறந்தும், சின்ன வயதில் அவருக்குக் குஸ்தியும் பட்டமும்தான் பிடித்ததாம். பாட்டு கொஞ்சம் தாமதமாகத்தான் அவரைப் பிடித்தது. பிடித்தபின் விடவில்லை.

அவருடைய கச்சேரிக்கு வழங்கிய பெயர் ‘ஃபுல் பெஞ்ச்’. கோர்ட்டில் ஒரு வழக்கைக் கேட்கப் பல நீதிபதிகள் சேர்ந்து உட்காருவார்களே, அந்த ஃபுல் பெஞ்ச்தான். வயலின், மிருதங்கம், கஞ்சிரா, கடம், மோர்சிங், டோலக், போதாக்குறைக்கு வாயாலேயே ஜதி சொல்லும் கொன்னக்கோல். கஞ்சிராவில் புதுக்கோட்டை தட்சிணாமூர்த்திப் பிள்ளை, கொன்னக்கோலில் மன்னார்குடி பக்கிரியா பிள்ளை என்று ஒவ்வொருவரும் தனியாகவே கூட்டம் சேர்க்கக்கூடிய ஆட்கள். இன்றைய வார்த்தையில் அது ஒரு பேண்ட். பல்லவி பாடுபவர் தாளத்தில் ஒரு முடிச்சைப் போட, மேடையில் இருக்கும் அத்தனை பேரும் அதை அவிழ்த்து, வேறு மாதிரி முடிச்சு போட்டுத் திருப்பித் தருவார்கள்.

இதை ரசித்தவர்கள் வெறியோடு ரசித்தார்கள். மற்றவர்கள் முகம் சுளித்தார்கள். ராக பாவத்தைக் கணக்கு விழுங்கிவிட்டது, இது கச்சேரியா குஸ்தியா என்கிற புகார் லயம் மிகுந்த பாணிக்கு எப்போதுமே உண்டு. 1928இல் சென்னையில் மியூசிக் அகாடமி தொடங்கியது. அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் வகுத்த கச்சேரி முறை பரவிய காலமும் அதுதான். பல உருப்படிகள், அளவான பல்லவி, எல்லோருக்கும் கொஞ்சம் கொஞ்சம். அந்த முறை வென்றது. ஃபுல் பெஞ்ச் கலைந்தது. இன்று மேடையில் வயலின், மிருதங்கம், கூட ஒரு கடமோ கஞ்சிராவோ இருந்தால் அதுவே நிறைவு.

*

நாயனாப் பிள்ளை காஞ்சிபுரத்தில் தியாகராஜ உற்சவம் நடத்தினார். பெரிய வித்வான்கள் வந்து பாடுவார்கள். அங்கே கேட்க வந்தவர்களில் ஒரு சின்னப் பெண் இருந்தாள். 1919இல் பிறந்தவள். அப்பா தாமல் கிருஷ்ணசாமி தீட்சிதர். அம்மா காந்திமதி நன்றாகப் பாடுவார், ஆனால் வெளியில் பாட அனுமதியில்லை. ஒரே ஊரில் தனகோடி அம்மாள் மேடையில் பாடலாம், காந்திமதி பாடக்கூடாது. ஒருவர் பாடியதற்கும் இன்னொருவர் பாடாததற்கும் காரணம் ஜாதிதான், குரல் இல்லை.

அந்தப் பெண்தான் டி.கே. பட்டம்மாள். குருகுலத்தில் தங்கிப் படிக்கும் வாய்ப்பு அவருக்கு இல்லை. அதனால் ரசிகர்கள் எப்போதும் செய்வதைச் செய்தார். கச்சேரிக்குப் போவார், வீட்டுக்கு வந்து கேட்டதை ஸ்வரப்படுத்தி எழுதி வைப்பார். தம்பிகளும் உதவுவார்கள். நாங்கள் விடுதியில் கிட்டார் டேப் எழுதிக்கொண்டு உட்கார்ந்திருந்தது இதைத்தானே? காஞ்சிபுரத்தில் நடந்த ஒரு போட்டியில் பைரவி ராகத்தில் ‘ரக்ஷ பெட்டரே’ பாடினார். பரிசோதகர் நாயனாப் பிள்ளை. முதல் பரிசு பட்டம்மாளுக்கு.

1929இல், பத்து வயதில், சென்னை வானொலியில் பாடினார். 1932இல் ரசிக ரஞ்சனி சபாவில் முதல் கச்சேரி. பிராமணப் பெண் மேடையேறியதே ஊர்வாய்க்கு அவல். அதற்கு மேல் அவர் எடுத்துக்கொண்டது ராகம் தானம் பல்லவி. ஒரே ஒரு வரியை எடுத்து, தாளத்தை அசையாமல் வைத்துக்கொண்டு, வரியை இரண்டு மடங்கு நான்கு மடங்கு வேகத்தில் ஓட்டுவதும், வரி அப்படியே இருக்கத் தாளத்தை மாற்றுவதும் பல்லவியின் வேலைகள். ஆண்களுக்கு மட்டுமே ஆகும் வித்தை என்று வைத்திருந்தார்கள். அவர் பாடிப் பாடியே ‘பல்லவி பட்டம்மாள்’ என்று பெயர் வாங்கினார். 1970இல் சங்கீத கலாநிதி.

இன்னொரு வீட்டிலிருந்தும் இரண்டு பெண்கள் வந்தார்கள். வீணை தனம்மாளின் பேத்திகள் பிருந்தாவும் முக்தாவும். தனம்மாளின் வெள்ளிக்கிழமைக் கச்சேரியில் மிருதங்கம்கூட இருக்காது. அவ்வளவு மெல்லிய இசை. அந்த வீட்டுப் பெண்களைத்தான் ஊரிலேயே சத்தமான கச்சேரி செய்தவரிடம் படிக்கக் காஞ்சிபுரத்துக்கு அனுப்பினார்கள். தியாகராஜ கீர்த்தனைகளை அவரிடமிருந்து வாங்கிக்கொண்டு போனார்கள். வெளியே இருப்பவர்களுக்கு ‘சத்தம்’ என்று கேட்டதற்குள் என்ன இருந்தது என்று அந்த வீட்டுக்குத் தெரிந்திருக்கிறது.

நாயனாப் பிள்ளையின் குரலைக் கேட்க எனக்கு வழியில்லை. அவர் இசைத்தட்டு கொடுக்கவில்லை. சீடர் சித்தூர் சுப்பிரமணிய பிள்ளை, பிருந்தா, முக்தா, பட்டம்மாள் என்று அவரைக் கேட்டவர்கள் பாடியதில்தான் அவரைத் தேட வேண்டும். ரசிகர்களே ஆவணம்.

*

என் கொள்ளுத்தாத்தாவும் ஒரு ஆவணம்தான், யாரும் பதிவு செய்யாதது. உற்சவ ராத்திரிகளில் பந்தலுக்கு வெளியே நின்று கேட்டுவிட்டு, விடியற்காலையில் வந்து தறியில் உட்காருவாராம். “தறிக்காரனுக்கு இன்னாத்துக்கு பல்லவி?” என்று நூல் கொடுக்கும் முதலாளி கேட்பாராம். தெருவில் அவருக்குப் பட்டப்பெயர் ‘தாளம்’.

காஞ்சிப் பட்டில் கோர்வை என்று ஒன்று உண்டு. உடல் ஒரு நிறம், கரை இன்னொரு நிறம். மூன்று நாடாக்கள் ஓடும். உடலின் ஊடையும் கரையின் ஊடையும் ஒவ்வொரு இழையிலும் ஒன்றையொன்று கோத்துக்கொள்ள வேண்டும். வலப்பக்கக் கரையின் நாடாவைப் போட இன்னொரு ஆள் வேண்டும், பெரும்பாலும் வீட்டுப் பையன். எண்ணிக்கை தப்பினால் கரை பல்லிளிக்கும். லயத்திலும் கோர்வை உண்டு. பல நீளமான சொற்கட்டுகள் சுற்றி வந்து எடுப்பில் சரியாக விழுவது. தாத்தா ஏழு வயதில் நாடா போட உட்கார்ந்தார். பக்கத்தில் அவருடைய நைனா வாய்க்குள் தகதிமி சொல்லிக்கொண்டே நெய்வார். இரண்டு கோர்வையையும் தாத்தா ஒரே நேரத்தில் கற்றுக்கொண்டார். அந்தத் ‘தாளம்’ பட்டப்பெயரும் சொத்து மாதிரி அவருக்கு வந்து சேர்ந்தது.

“சிரிப்பாங்களே, கஷ்டமா இருக்காதா?” என்று கேட்டேன்.

“சிரிச்சிட்டுப் போறான். எண்ணிக்கினே இருந்தா கூலி கம்மின்ற நெனப்பு வராதுடா.”

இந்தப் பதில் என்னைப் பல வருடம் தொந்தரவு செய்தது. பாட்டு கூலிக்குறைவை மறக்கடித்தது என்றால் அது நல்லதா? முதலாளிக்கு அது எவ்வளவு வசதி! பிறகொரு நாள் பாட்டியிடம் சொன்னபோது அவள் சிரித்தாள். “மறந்துட்டாரா? கூலி ஏத்தலைன்னு மூணு வாரம் தறிய நிறுத்திட்டு ஒக்காந்தவரு அவரு. அந்த மூணு வாரமும் தொடையிலதான் தட்டிக்கினு இருந்தாரு.”

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், டீமில் யாராவது “என்ன மியூசிக் கேப்ப?” என்று கேட்டால் இளையராஜா என்பேன். பொய் இல்லை, ஆனால் தப்பித்தல். மாவு மில்லைத் திரும்ப எதிர்கொள்ளத் தெம்பில்லை. மூன்று தலைமுறையில் பட்டப்பெயருக்குப் பயந்தவன் நான் ஒருவன்தான். அதிலும் படித்தவன், சம்பளம் வாங்குபவன்.

தாத்தா 2014இல் போனார். இப்போது கோட் எழுதும்போது ஆப்சென் ஓடும், சில நாள் பட்டம்மாளின் பல்லவி. போன மாதம் டீமில் புதிதாகச் சேர்ந்த பையன் ஹெட்போனை வாங்கிக் காதில் வைத்துவிட்டு, “என்னண்ணா, டிரில்லிங் மிஷினா?” என்றான். கொஞ்சம் சுருங்கத்தான் செய்தது. இருந்தாலும் அவன் கையைப் பிடித்து மேஜைமேல் வைத்து, “நாலு நாலா தட்டிக்கிட்டே வா, நிறுத்தாத” என்றேன்.

மூன்றாவது சுற்றில் சமம் விழுந்தது. அவன் கண்ணை நிமிர்த்திப் பார்த்தான்.