வாசல்வரை நீளும் கயிறு

பிரான்சின் வோக்ளூஸ் ஊற்றுக்குள் 1878இல் ஒட்டோனெல்லி என்பவர் 23 மீட்டர் ஆழம் இறங்கினார். தலையில் கனத்த உலோகக் கவசம். மேலிருந்து ஒரு குழாய் வழியே மூச்சுக்காற்று வந்தது. திரும்பி வர வழிகாட்டியதும் அதே குழாய்தான். 1935இல் இங்கிலாந்தின் வூக்கி ஹோல் குகைக்குள் போன கிரஹாம் பால்கம்பும் ஜாக் ஷெப்பர்டும்கூட இப்படிக் குழாயோடுதான் போனார்கள்.

1943இல் கூஸ்தோவும் கானியானும் முதுகில் சுமக்கும் ‘அக்வாலங்’ என்ற மூச்சுக்கருவியை உருவாக்கினார்கள். குழாய் போயிற்று, கூடவே வழியும் போயிற்று! அதனால் 1946இல் கூஸ்தோவும் டூமாவும் வோக்ளூஸில் இறங்கியபோது முதலில் ஒரு கயிற்றை உள்ளே விட்டார்கள். வந்த ஆபத்து காற்றில் இருந்தது. சிலிண்டரை நிரப்பிய கம்ப்ரசர் தன் புகையையே உறிஞ்சியிருந்தது. இருவருக்கும் ஆழத்தில் தலை கிறுகிறுத்தது. கயிற்றை இழுத்துச் சொன்ன செய்தி மேலே இருந்தவருக்குத் தவறாகப் புரிந்தது. கடைசியில் அவர் இழுத்ததால்தான் பிழைத்தார்கள். அதே ஆண்டு பால்கம்ப் குகை முக்குளிப்போருக்கென்று ஒரு குழுவைத் தொடங்கினார்.

கயிற்றுக்கு உண்மையான மதிப்பு வந்தது அமெரிக்காவின் புளோரிடாவில்தான். அங்குள்ள ஊற்றுநீர் கண்ணாடியாய்த் தெளிந்திருக்கும். இவ்வளவு தெளிவில் கயிறு எதற்கு என்று பலர் உள்ளே போனார்கள். துடுப்புக் காலை ஒருமுறை தவறாக வீசினால் போதும், அடியில் படிந்த வண்டல் கிளம்பிவிடும். பிறகு கைவிளக்கைக் கண்முன் பிடித்தாலும் தெரியாது. தலைக்கு மேலே பாறை. எழும்பி மூச்சு வாங்க இடமில்லை. கடலில் முக்குளிக்கக் கற்றுக்கொடுத்த ஆசிரியர்களே இப்படி மாண்டிருக்கிறார்கள். ஷெக் எக்ஸ்லி என்ற இளைஞர் அந்தச் சாவுகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்து 1979இல் ஒரு சிறு நூல் எழுதினார். வாசலிலிருந்து அறுபடாத கயிறு வேண்டும். காற்றில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உள்ளே போகச் செலவிடக் கூடாது. அளவுக்கு மீறிய ஆழம் கூடாது. இத்தனை உயிர்களைக் காத்த வேறொரு சிறு நூலை நான் அறியேன். 1994இல் மெக்சிகோவின் சகதோன் ஊற்றில், ஆழச் சாதனைக்கு முயன்றபோது எக்ஸ்லியும் இறந்தார்.

புளோரிடாவில் கயிற்றோடு ஓர் அம்பும் சேர்ந்தது. உள்ளங்கைக்குள் அடங்கும் முக்கோணப் பிளாஸ்டிக் துண்டு அது. இரண்டு வெட்டுகளில் கயிற்றைச் சுற்றி மாட்டுவார்கள். கூர்முனை அருகிலுள்ள வாசலைக் காட்டும். கும்மிருட்டிலும் விரலால் தடவிப் பார்த்தே திசையை அறியலாம்.

2018 ஜூலை 2இல் தாய்லாந்தின் தாம் லுவாங் குகையில், கயிறு பதித்துக்கொண்டே போன இரு பிரிட்டிஷார் உள்ளே சிக்கியிருந்த பன்னிரண்டு சிறுவர்களையும் அவர்களுடைய பயிற்சியாளரையும் கண்டுபிடித்தார்கள். அனைவரையும் வெளியே கொண்டுவந்ததும் அந்தக் கயிற்றின் வழியேதான். மீட்பின் கடைசி நாளில் கிறிஸ் ஜூவல் என்ற முக்குளிப்பாளர், கையில் ஒரு சிறுவனோடு, கலங்கிய நீரில் கயிற்றைத் தவறவிட்டார். தடவியபோது அகப்பட்ட ஒரு மின்கம்பியைப் பற்றிக்கொண்டு முந்தைய அறைக்கே திரும்பினார். பின்னால் வந்த மருத்துவர் ரிச்சர்ட் ஹாரிஸின் துணையோடு அந்தச் சிறுவனும் உயிரோடு வெளியே வந்தான்.