கல்லூரித் தேர்வும் முதல் ஊதியமும்: களக்காட்டை முன்வைத்து ஒரு வரலாற்றுப் பார்வை

முன்னுரை

மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் வாழையையும் நெல்லையும் நம்பி வாழும் ஊர் களக்காடு. இங்குப் பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கும் மாணவர் சேரும் பொறியியல் கல்லூரி, அவரது தொடக்ககால ஊதியத்தை எவ்வாறு பாதிக்கிறது என்பதை வரலாற்று நோக்கில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். கல்லூரிகள் ஊருக்கு அருகில் வந்தன; உயர் ஊதியம் தரும் நிறுவனங்கள் அக்கல்லூரிகளைத் தேடி அதே அளவில் வரவில்லை என்பது இதன் கருதுகோள்.

தொலைவு குறைந்த வரலாறு

கிண்டிப் பொறியியல் கல்லூரி 1794இல் தொடங்கப்பெற்ற நில அளவைப் பள்ளியிலிருந்து வளர்ந்தது. தென்மாவட்டங்களில் காரைக்குடியில் 1952இலும் மதுரையில் 1957இலும் கல்லூரிகள் தோன்றின. திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரி 1981இல்தான் தொடங்கப்பெற்றது. 1984இல் சுயநிதிக் கல்லூரிகள் தோன்றத் தொடங்கின. கோவில்பட்டி நேஷனல் பொறியியல் கல்லூரி அவ்வாண்டில் உருவானதே. அடுத்த இருபதாண்டுகளில் களக்காட்டு மாணவர் வீட்டிலிருந்தே பேருந்தில் சென்று பொறியியல் பயிலும் நிலை ஏற்பட்டது.

சேர்க்கை முறையும் மாறியது. 2007இல் நுழைவுத்தேர்வு நீங்கியதால், பயிற்சி மையங்கள் இல்லாத ஊர்களின் மாணவர்க்கு இருந்த தடையொன்று அகன்றது. முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்கு 2010இல் கல்விக்கட்டணச் சலுகையும், அரசுப் பள்ளி மாணவர்க்கு 2021இல் 7.5 விழுக்காடு ஒதுக்கீடும் கிடைத்தன. எனினும், 200க்குக் கணக்கிடப்படும் கட்-ஆஃப் மதிப்பெண்ணே கலந்தாய்வில் கல்லூரியைத் தீர்மானிக்கிறது.

ஊதியத்தைத் தீர்மானிப்பது எது?

நல்ல கல்லூரி ஊதியத்தை உயர்த்துகிறதா, நல்ல மாணவர்கள் அங்குச் சேர்வதால் உயர்வதுபோல் தோன்றுகிறதா என்பது பழைய வினா. அமெரிக்காவில் 1976இல் கல்லூரியில் சேர்ந்தோரை ஆராய்ந்த டேல், குரூகர் ஆகியோர், ஒத்த திறனுடையோரிடையே கல்லூரியின் பெயரால் பெரிய ஊதிய வேறுபாடு இல்லை என 2002இல் காட்டினர். ஆனால் வருவாய் குறைந்த குடும்பத்தினர்க்கு நற்பயன் இருந்தது என்பதும் அவர்களது முடிவே. இந்திய மாநிலம் ஒன்றின் பொறியியல் சேர்க்கையை ஆராய்ந்த பெர்ட்ராண்ட், ஹன்னா, முல்லைநாதன் ஆகியோர் (2010), இடஒதுக்கீட்டால் இடம்பெற்றோர்க்கு வருவாய் குறிப்பிடத்தக்க அளவு உயர்ந்ததைக் கண்டனர். ஆகவே, குடும்பப் பின்புலம் கைகொடுக்காத மாணவர்க்கே கல்லூரியின் பெறுமதி மிகுதி எனலாம்.

தமிழ்நாட்டில் இதன் இயங்குமுறை வளாக நேர்காணலில் புலப்படுகிறது. பெருந்திரளாக ஆள் எடுக்கும் மென்பொருள் நிறுவனங்களின் தொடக்க ஊதியம், பத்தாண்டுகளுக்கும் மேலாக ஆண்டுக்கு ஏறத்தாழ மூன்று முதல் நான்கு இலட்ச ரூபாயிலேயே தேங்கியுள்ளது. ஒரே நிறுவனத்தில் ஒரே நிலையில் சேர்வோர்க்குக் கல்லூரி எதுவாயினும் ஊதியம் ஒன்றே. எந்த நிறுவனம் எந்த வளாகத்திற்கு வருகிறது என்பதில்தான் வேறுபாடு தொடங்குகிறது. வந்த பின்னரும் ஆங்கில உரையாடல் ஒரு சல்லடையாகிறது. சென்னைத் தகவல் தொழில்நுட்பப் பணியாளர்களை ஆராய்ந்த ஃபுல்லர், ஹரிப்பிரியா நரசிம்மன் ஆகியோர் (2006), நகர்ப்புற நடுத்தர வர்க்கத்தினர்க்கு வாய்க்கும் இப்பழக்கத்தை ‘எக்ஸ்போஷர்’ என்னும் சொல்லால் விளக்கினர்.

முடிவுரை

வாழை ஒரே காற்றில் சாய்ந்துவிடும் பயிர். அதனை நம்பிக் கல்விக்கடன் பெறும் குடும்பத்திற்கு முதல் ஊதியம் என்பது கடன் தவணையைக் கட்ட இயலுமா என்னும் வினாவாகும். தேசிய நிறுவனத் தரவரிசைக்காகக் கல்லூரிகள் அளிக்கும் இடைநிலை ஊதியம் வேலை பெற்றோரை மட்டுமே கணக்கிடுவது; வேலை பெறாதோர் அதில் இடம்பெறுவதில்லை. எனவே, படித்து முடித்தோர் எத்தனை பேர், அவருள் பணியமர்ந்தோர் எத்தனை பேர் என்பவற்றையும் சேர்த்தே அவ்வெண்ணைப் படித்தல் வேண்டும். கல்லூரியை ஊருக்கு அருகில் கொணர்ந்த அரசு, மாவட்டக் கல்லூரிகளுக்குப் பொது வளாக நேர்காணலையும் கொணர்ந்தால்தான் 1981இல் தொடங்கிய பணி நிறைவுறும்.