தொகுப்பித்தவர்

எங்கள் வீட்டு பீரோவின் மேல்தட்டில் ஒரு பைண்டு புத்தகம் இருந்தது. கறுப்புக் காலிகோ முதுகு, பழுப்பு அட்டை. வார இதழ்களிலும் தீபாவளி மலர்களிலும் வந்த சிறுகதைகளில் தனக்குப் பிடித்ததையெல்லாம் அப்பா கத்தரித்துச் சேர்த்து பைண்டு போட்டிருந்தார். எல்லாக் கதைகளும் கிடையாது. விண்வெளி, ரோபோ, காலப் பயணம், வேற்றுக்கிரகம் என்று ஏதாவது ஒன்று அதில் இருக்க வேண்டும். அப்பா அவற்றை 'ராக்கெட் கதை' என்பார். கடைசிப் பக்கத்தில் நீல மையில் ஒரு பட்டியல்: கதைப் பெயர், எழுதியவர், இதழ், தேதி. மொத்தம் 22 கதைகள்.

அப்பா ஆவடியில் ஒரு பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் டர்னராக இருந்தவர். வீடு முத்தாபுதுப்பேட்டையில். ஷிஃப்ட் முடிந்து சைக்கிளில் வந்து, குளித்து, டீ குடித்த பிறகு கத்தரிக்கோலை எடுப்பார். இலக்கியம் என்ற சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை.

2011ல் வீட்டுக்குப் பெயின்ட் அடித்தபோது அந்தப் புத்தகம் போய்விட்டது. அம்மாவைக் கேட்டேன். "கரையான் புடிச்சிருந்துச்சுடா, பழைய பேப்பர்காரர்கிட்ட போட்டுட்டேன்" என்றார். அம்மாமேல் தப்பில்லை. கரையான் பீரோவுக்கும் வந்துவிடும் என்ற பயம் நியாயமானதுதான். அந்த 22ல் ஆறு கதைகள் சுஜாதா எழுதியவை. அவை எப்படியும் புத்தகங்களில் கிடைக்கும். மிச்சம் 16 கதைகளை எழுதியவர்கள் யார் என்று எனக்கு இன்று சொல்லத் தெரியவில்லை. அப்பாவைக் கேட்டால், "பேரெல்லாம் யாருக்குப்பா ஞாபகம் இருக்கு? கதை நல்லா இருந்துச்சு, வெட்டி வெச்சேன்" என்கிறார்.

இந்தக் கட்டுரை அந்த 16 பேரைப் பற்றியது என்று சொல்ல ஆசை. ஆனால் அவர்களைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. அதனால் வேறு ஒரு புத்தகத்திலிருந்து தொடங்குகிறேன்.

சென்னைப் புத்தகக் காட்சியில் நேஷனல் புக் டிரஸ்ட் அரங்கில் ஒரு மெல்லிய ஆங்கிலத் தொகுப்பு கிடைத்தது. பெயர் 'இட் ஹேப்பண்ட் டுமாரோ'. 1993ல் முதல் பதிப்பு. பல இந்திய மொழிகளிலிருந்து 19 அறிவியல் புனைகதைகள். தொகுத்தவர் பால் போண்ட்கே, விஞ்ஞானி, மராத்தி எழுத்தாளர். ஒரு நாட்டின் எழுத்தாளர்கள் எதிர்காலத்தை எப்படிக் கனவு கண்டார்கள் என்று ஒரே அட்டைக்குள் காட்டுவது எவ்வளவு பெரிய வேலை! புரட்டிக்கொண்டே போனபோது ஒன்று உறுத்தியது. ஜயந்த் நார்லிகர், லட்சுமண் லோண்டே, சுபோத் ஜாவடேகர், நிரஞ்சன் காட்டே, சுபதா கோகடே, அப்புறம் போண்ட்கேவே. வரிசையாக மராத்திப் பெயர்கள்.

தொகுப்பாளர் தன் மொழிக்காரர்களுக்கு இடம் கொடுத்துவிட்டார் என்று முதலில் நினைத்தேன். கொஞ்சம் படித்த பிறகு அது அவ்வளவு சுலபமான விஷயம் இல்லை என்று தெரிந்தது. மராத்தியில் எடுப்பதற்குக் கதைகள் தயாராக இருந்தன. அவற்றைத் தயாராக வைத்திருந்தது ஒரு போட்டி.

மராத்தி விஞ்ஞான் பரிஷத் 1966ல் தொடங்கப்பட்ட அமைப்பு. அறிவியலை மராத்தியில் பரப்புவது அதன் வேலை. அது அறிவியல் கதைகளுக்கு ஒரு போட்டியும் நடத்தியது. 1974ல் அந்தப் போட்டிக்கு நாராயண் விநாயக் ஜக்தாப் என்பவரிடமிருந்து கருந்துளையைப் பற்றி ஒரு கதை வந்து முதல் பரிசு வாங்கியது. ஜக்தாப் என்று யாரும் கிடையாது. ஜயந்த் விஷ்ணு நார்லிகர் தன் இனிஷியல்களைத் தலைகீழாகப் போட்டு உருவாக்கிய பெயர் அது. ஃப்ரெட் ஹோயிலோடு சேர்ந்து ஆராய்ந்த, உலகம் அறிந்த வானியற்பியலாளர் அவர். தன் பெயர் நடுவர்களைப் பாதிக்கக் கூடாது என்று நினைத்தார். கையெழுத்தில் பிடிபட்டுவிடுவோம் என்று மனைவி மங்களாவை விட்டு எழுத வைத்தாராம். அவ்வளவு பெரிய ஆளையும் அந்தப் போட்டி எழுத வைத்தது என்பதுதான் எனக்கு முக்கியம். 2021ல் நாசிக்கில் நடந்த அகில இந்திய மராத்தி இலக்கிய மாநாட்டுக்கு அவரைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். 2025ல் இறந்தார்.

வங்காளத்தில் கதை இன்னும் வேடிக்கையானது. அங்கே தொடக்கத்தில் நிற்பது ஒரு தலைமுடித் தைலம். கல்கத்தாவில் ஹேமேந்திர மோகன் போஸ் 'குந்தலின்' என்ற தைலம் விற்றுவந்தார். விளம்பரத்துக்காக 1896ல் ஒரு சிறுகதைப் போட்டி வைத்தார். கதைக்குள் தைலத்தின் பெயர் வர வேண்டும், ஆனால் விளம்பரம் மாதிரித் தெரியக் கூடாது. இன்றைய இன்ஃப்ளூயன்சர்களுக்குப் போடும் அதே நிபந்தனை. பரிசு வாங்கிய கதையில் கல்கத்தாவைத் தாக்க வேண்டிய புயல் ஒன்று திடீரென்று காணாமல் போகிறது. விஞ்ஞானிகள் குழம்புகிறார்கள். நடந்தது இதுதான்: உடம்பு தேற இலங்கைக்குக் கப்பலில் போன ஒருவர், கொந்தளித்த கடலில் தன் தைலப் புட்டியைக் கவிழ்த்துவிட்டார். அலை அடங்கிவிட்டது. எழுதியவர் ஜகதீச சந்திர போஸ். 1921ல் அவரே அதை விரித்துத் திரும்ப எழுதினார். பிறகு 1963ல் அத்ரீஷ் பர்தன் 'ஆஷ்சர்ய' என்று அறிவியல் புனைகதைக்கே ஒரு இதழ் தொடங்கினார். சத்யஜித் ராய் அதில் பங்கெடுத்தார்.

இதையெல்லாம் படித்தபோது கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது. நம்மிடம் ஒன்றும் இல்லையா?

இருந்தது, அதுவும் மிக ஆரம்பத்திலேயே. பெண்கள் ஆளும் நாடு, வீட்டுக்குள் அடைபட்ட ஆண்கள், சூரிய வெப்பத்தில் சமையல், மேகத்திலிருந்து நேரடியாகத் தண்ணீர், பறக்கும் வண்டி என்று ஒரு கதை உண்டு. ரொகேயா சகாவத் ஹுசைன் எழுதிய 'சுல்தானாவின் கனவு'. உலகம் முழுக்கப் பெண்ணிய அறிவியல் புனைவின் முன்னோடி என்று பாடம் நடத்துகிறார்கள். ரொகேயா வங்காளத்தில் பிறந்தவர். ஆனால் 1905ல் அந்தக் கதை முதலில் அச்சானது மெட்ராஸில். கமலா சத்தியநாதன் 1901லிருந்து இங்கே நடத்திய 'தி இந்தியன் லேடீஸ் மேகசின்' என்ற ஆங்கில இதழில். அச்சு இங்கே, வாரிசு எங்கேயோ. அந்தக் கதையிலிருந்து தமிழில் ஒரு வரிசை கிளம்பவில்லை.

இந்த இடத்தில் நமக்கு ரொம்பப் பழைய சொல் ஒன்று உதவுகிறது. பள்ளியில் தமிழ் அய்யா எட்டுத்தொகையை நடத்தும்போது ஒவ்வொரு நூலுக்கும் இரண்டு பெயர்களை மனப்பாடம் செய்யச் சொல்வார்: தொகுத்தவர், தொகுப்பித்தவர். அகநானூற்றைத் தொகுத்தவர் உருத்திரசன்மர், தொகுப்பித்தவர் பாண்டியன் உக்கிரப்பெருவழுதி. ஐங்குறுநூற்றைத் தொகுத்தவர் கூடலூர் கிழார், தொகுப்பித்தவர் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை. ரெண்டு மார்க் கேள்விக்கு மட்டும் உதவும் தகவல் என்று அப்போது நினைத்தேன். இப்போது அதில் ஒரு முழு இலக்கிய வரலாறே இருப்பதாகத் தோன்றுகிறது. பாட வேண்டியது புலவர் வேலை. தேர்ந்தெடுத்து அடுக்குவது தொகுத்தவர் வேலை. 'இதைச் சேர்த்து வை, செலவு என்னுடையது' என்று சொல்ல மூன்றாவதாக ஒருவர் வேண்டும். குறுந்தொகையில் செம்புலப்பெயல்நீரார் என்று ஒரு புலவர். அவருடைய சொந்தப் பெயர் தொலைந்துவிட்டது. பாட்டில் வந்த உவமையே பெயராகிவிட்டது. ஆனாலும் பாட்டு இருக்கிறது, தொகைக்குள் இருந்ததால்.

வங்காளத்துக்கு முதல் தொகுப்பித்தவர் ஒரு தைல வியாபாரி. மராத்திக்கு ஒரு பரிஷத். தமிழ் அறிவியல் புனைவுக்கு யார்?

நமக்கு சுஜாதா இருந்தார். பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸில் பொறியாளர், மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தை உருவாக்கிய குழுவில் ஒருவர். ஆனந்த விகடனில் 'என் இனிய இயந்திரா' தொடராக வந்தபோது நிலாவும் ஜீவாவும் ஜீனோ என்ற ரோபோ நாயும் வீட்டு மனிதர்கள் மாதிரி ஆகிவிட்டார்கள். என்னைப் போல எத்தனை பேர் அந்த நாயைப் பார்த்து இன்ஜினியரிங் சேர்ந்தார்கள் என்று ஒரு கணக்கெடுப்பே நடத்தலாம். தமிழ் அறிவியல் புனைகதை என்றால் யாருக்கும் முதலில் தோன்றும் பெயர் அவருடையதுதான். அடுத்த பெயரைக் கேட்டால் கொஞ்ச நேரம் அமைதி. 2008ல் அவர் இறந்தபோது அந்த அமைதி இன்னும் நீண்டது.

என் தொழிலில் இதற்கு ஒரு சொல் உண்டு: ஒரே சர்வரில் ஓடும் சர்வீஸ். சர்வர் எவ்வளவு அருமையானதாக இருந்தாலும் அது நின்றால் எல்லாம் நின்றுவிடும். சுஜாதாமேல் குறை சொல்லவில்லை. வார இதழ்கள் அவருக்கு மேடை கொடுத்தன. அதே பக்கங்களில் மற்றவர்களும் எழுதினார்கள், அப்பாவின் பட்டியல் அதற்குச் சாட்சி. சுஜாதா கதைகள் தொகுதிகளாகின. மற்றவர்களுடையவை அந்த வாரத்தோடு முடிந்தன. ஒருவருடைய கதைகளைச் சேர்த்தால் தொகுதி. பலருடையதைச் சேர்த்தால் தொகை. நாம் தொகுதிகளாகப் போட்டுக்கொண்டே போனோம். தொகைக்குப் பெயர்போன மொழி நாம்.

'சரி, அரசாங்கம் தொகுக்கட்டுமே' என்று கேட்கலாம். 1993 தொகுப்பு அப்படி வந்ததுதான். அதன் வேர் எங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. 1955 ஜனவரியில் ஆவடியில் காங்கிரஸ் மாநாடு நடந்தது. சமதர்ம பாணிச் சமுதாயமே இலக்கு என்ற தீர்மானம் நிறைவேறியது அங்கேதான். ஒரு நாட்டின் எதிர்காலத்தை ஒரு பந்தலில் உட்கார்ந்து எழுதினார்கள். ஒருவகையில் அதுவும் ஊகப் புனைவுதான். 1957ல் நேஷனல் புக் டிரஸ்ட் வந்தது. 60களில் ஆவடியில் டாங்கித் தொழிற்சாலை வந்தது. அந்த எதிர்காலத்தில்தான் அப்பா மாதிரி ஆட்களுக்குச் சம்பளமும், வார இதழ் வாங்கக் காசும், மாலை நேரமும் கிடைத்தன. 1976ல் அறிவியல் மனப்பான்மை குடிமக்களின் கடமையாக அரசியல் சட்டத்தில் ஏறியது. எல்லாம் நல்லதே. ஆனால் அரசு தொகுப்பித்தால் கதைக்கும் அந்தக் கடமை வந்துவிடுகிறது. அறிவியலைக் கற்றுக்கொடு, மூடநம்பிக்கையைப் போக்கு. 1993 தொகுப்பின் சில கதைகளில் பாத்திரங்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பாடம் நடத்துவது அதனால்தான் என்று நினைக்கிறேன்.

இதற்கு நேர் எதிரே வைத்துப் பார்க்க வேண்டியது, சென்னையின் சின்னப் பதிப்பகமான பிளாஃப்ட் 2024ல் ஆங்கிலத்தில் கொண்டுவந்த சாதி எதிர்ப்பு ஊகப் புனைவுத் தொகுப்பு. 1993 தொகுப்பு 'நாளை என்ன நடக்கும்?' என்று கேட்டது. இது 'அந்த நாளையில் யாருக்கெல்லாம் இடம்?' என்று கேட்கிறது. செவ்வாய்க்குப் போனாலும் மலக்குழியில் யார் இறங்குவார்கள் என்று எனக்கு அதுவரை தோன்றவே இல்லை. தொகுப்பிக்கிறவர் மாறினால் எதிர்காலமே மாறுகிறது.

தமிழில் இப்போது அந்த இடத்தில் இணைய இதழ்கள் நிற்கின்றன. 2018ல் தொடங்கிய 'அரூ' அடுத்த வருடமே அறிவியல் சிறுகதைப் போட்டி நடத்தியது. பாண்டியனின் பொருளும் இல்லை, தைல வியாபாரியின் விளம்பரக் காசும் இல்லை. வேலைக்குப் போய்விட்டு வந்து இரவில் கதை படிக்கிறவர்கள் நடத்துவது. போட்டி வைத்தால் நார்லிகரே வருவார் என்று மராத்தி காட்டியிருக்கிறது. இங்கேயும் புதுப் பெயர்கள் வருகின்றன. புதியவர்கள் பாடு பரவாயில்லை.

என் கவலை பழையவர்கள்தான். 70களிலும் 80களிலும் இதழ்களில் ஒரே ஒரு ராக்கெட் கதை எழுதிவிட்டு, வங்கியிலும் ரயில்வேயிலும் பள்ளிக்கூடத்திலும் ரிடையர் ஆனவர்கள். அவர்களுக்குத் தொகுத்தவர்கள் இருந்தார்கள். அப்பா மாதிரி, ஊருக்கு நாலு பேர், கத்தரிக்கோலும் பசையுமாக. தொகுப்பிக்கத்தான் ஆள் இல்லை.

போன மாதம் அப்பாவைக் கன்னிமாரா நூலகத்துக்குக் கூட்டிப்போவதாகச் சொன்னேன். பழைய இதழ்களைப் புரட்டினால் ஏதாவது ஒன்று ஞாபகம் வரலாம். "மூட்டு வலிக்குதுப்பா" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "ஒருத்தன் ஆழ்துளைக் கிணறு தோண்டுவான், கீழேருந்து யாரோ பேசுவாங்க. அந்தக் கதை கிடைக்குமா பாரு. தீபாவளி மலர்" என்றார். எந்த வருடம், எந்த இதழ், யார் எழுதியது, ஒன்றும் தெரியாது. என் நோட்டில் முதல் வரியாக அதை எழுதி வைத்திருக்கிறேன். இன்னும் 15 வேண்டும். உங்கள் வீட்டுப் பரணில் அப்படி ஒரு பைண்டு புத்தகம் இருந்தால், பெயின்ட் அடிப்பதற்கு முன்னால் ஒருதடவை கடைசிப் பக்கத்தைப் பாருங்கள்.